சுங்காய்க்குப் போன தொட்டில்

என் பெட்டியின் எடையில் பாதி சாமி சமாச்சாரம். ஐந்து கோயில் விபூதி, மூன்று கோயில் குங்குமம், மந்திரித்த கயிறு, ஒரு தாயத்து, அப்புறம் மரத்தில் செய்த உள்ளங்கை அளவுத் தொட்டில் ஒன்று. கோலாலம்பூர் விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்த்த பெண் அதிகாரி அந்தத் தொட்டிலை எடுத்து விரலால் ஆட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் ஏதோ கேட்டார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற தமிழர் ஒருவர், "விளையாட்டு சாமானா, விக்கிறதுக்கான்னு கேக்குறாங்க" என்றார். "சாமிக்கு" என்றேன். அவர் மலாயில் சொல்ல, அந்தப் பெண் தொட்டிலைத் துணியில் சுற்றி, நான் வைத்திருந்த மூலையிலேயே திரும்ப வைத்தார். தலையில் முக்காடு, முகத்தில் சிரிப்பு. எனக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது.

ஊர் சுற்றிப் பார்க்க நான் வரவில்லை. திண்டுக்கல்லில் தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், கணவர் இல்லை, ஒரே மகள் கயல்விழி. கோயம்புத்தூருக்குப் படிக்க வந்த ஈப்போ பையன் தினேஷைக் கட்டிக்கொண்டு, ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் இருக்கிறாள். எட்டாம் மாதத்தில் அவளுடைய குழந்தை வயிற்றுக்குள்ளேயே இறந்துபோனது. பெண் குழந்தை. அறுத்துத்தான் எடுத்தார்கள். கயல் மயக்கத்தில் இருந்தபோது, "தாய் கண் விழித்ததும் காட்டலாமா?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எனக்கு ஃபோன் செய்தார்.

"காட்டாதீங்க மாப்பிள்ளை. பார்த்தா ஜென்மத்துக்கும் மறக்க மாட்டா" என்று சொன்னது நான்தான்.

அவள் விழிப்பதற்குள் புதைத்துவிட்டு வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஐந்து வாரமாக மகள் என்னோடு பேசவில்லை. ஃபோனை எடுப்பாள், "ம்" என்பாள், வைத்துவிடுவாள். லீவு கிடைத்ததும் ஓடிவந்தேன். அவளைக் கையோடு ஊருக்குக் கூட்டிப் போய்விடுவது என்று முடிவு. திரும்பிப் போக இரண்டு டிக்கெட் வாங்கியிருந்தேன். கடைசியில் தனியாகத்தான் திரும்பினேன். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

ஈப்போ ரயில் நிலையம் அரண்மனை மாதிரி வெள்ளையாக இருக்கிறது. வெளியே வந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. எங்கள் திண்டுக்கல் பாறையைப் பத்து துண்டாக உடைத்து, தலையில் காடு நட்டு வைத்தது போல. மாப்பிள்ளை காரோட்டிக்கொண்டே ஒவ்வொரு மலைக்கும் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

வாசலில் சம்பந்தியம்மா அஞ்சலை நின்றிருந்தார். "வாங்க சம்பந்தி, பசியாறிட்டீங்களா?" என்றார். இங்கே காலை உணவு சாப்பிடுவதற்குப் பசியாறுவது என்று பேர். எவ்வளவு நல்ல சொல், நாம் ஏன் 'டிபன்' என்கிறோம் என்று தோன்றியது. உள்ளே கயல் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டது போல இருந்தது. "ம்" என்றாள். அவ்வளவுதான்.

அஞ்சலைக்கு அறுபது வயது. சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டி, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்து, தோட்டம் செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப் பனைக்கு, மாறிய பிறகு ஈப்போவுக்கு வந்தவர். இப்போது பள்ளிக்கூட கேண்டீன் ஒன்றில் சமைக்கிறார். மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறார், பழைய கார் ஒன்றும் ஓட்டுகிறார். கையெல்லாம் நரம்பு. பக்திதான் கொஞ்சம் குறைவு என்று முதல் நாளே கணித்துவிட்டேன். சாமி மாடத்தில் மூன்று படம், ஒரு விளக்கு. ஏற்றினார், கும்பிட்டார், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எனக்கு வீட்டுப் பூஜைக்கு ஒரு மணி நேரம் வேண்டும்.

மறுநாள் விடியும் நேரம். பின்கட்டில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து, சந்தோரமாக நகராட்சி நிலத்தில் அஞ்சலை வளர்த்த செடிகள். பப்பாளி மூன்று, கருவேப்பிலை, முருங்கை, வாழை, ரம்பை இலை. அவர் ஒவ்வொன்றின் முன்னாலும் போய் நின்று, உள்ளங்கையைத் தண்டில் வைத்து, கொஞ்ச நேரம் கழித்து அடுத்ததுக்கு நகர்ந்தார். ஒன்றையும் விடவில்லை, வரிசையும் மாறவில்லை.

"தண்ணி ஊத்தலையா?" என்று கேட்டேன்.

"அதான் மழ பெஞ்சிருச்சுலா."

"அப்போ என்ன பண்றீங்க?"

"எல்லாம் இருக்கான்னு பாக்குறேன்." அப்புறம் கொஞ்சம் வெட்கத்தோடு, "இருவது வருசத்துக்கு மேல மரம் மரமா போய் நின்ன ஆளு சம்பந்தி. காலையில மரத்துக்கு முன்னால நிக்கலைன்னா பல்லு வெளக்காத மாதிரி இருக்கு" என்றார்.

"வேண்டிக்குவீங்களா?"

"மரத்துக்கிட்ட என்னா வேண்டுறது? அது நிக்கிது, நானும் நிக்கிறேன்."

கோயிலுக்கு ஒழுங்காகப் போகாத குடும்பம், அதனால்தான் இப்படியெல்லாம் நடக்கிறது என்று அப்போது நினைத்தேன். நினைத்ததை மறைத்து என்ன ஆகப்போகிறது?

சாயங்காலம் நாலு மணிக்கு மழை. ஈப்போவில் மழை தூறிப் பார்த்துப் பெய்வதில்லை, ஒரேயடியாகக் கொட்டுகிறது. அஞ்சலை அடுப்பை அணைத்துவிட்டு, கார் நிறுத்தும் கூரைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாதாம். கங்காணி தராத லீவை வானம் தருமாம். அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் மழை வந்தால் கை வேலை செய்ய மறுக்கிறதாம். சற்று நேரத்தில் கயல் எழுந்து போய், இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் பார்வை மழை மேல். மழை நிற்கும்வரை அப்படியே இருந்தார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெற்றவள் நான், கடல் தாண்டி வந்தவள் நான், அவள் போய் உட்கார இடம் அங்கேயா?

மூன்றாம் நாள் அஞ்சலை என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு காப்பி குடிக்கப் போனார். சேலையோடு ஹெல்மெட் போட்டுக்கொண்டு, சம்பந்தியின் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போனதை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு வளைவிலும் நான் எதிர்ப்பக்கம் சாய, அவர், "எங்கூடவே சாயுங்க சம்பந்தி, இல்லாட்டி ரெண்டு பேரும் லோங்கான்லதான்!" என்று கத்தினார். லோங்கான் என்றால் சாக்கடை. ஒரு முறை நிஜமாகவே அதன் விளிம்புவரை போய் வந்தோம்.

சீனர் காப்பிக் கடை. ஈப்போ வெள்ளைக் காப்பி என்பது பெயர்தான், நிறம் நம்மூர்க் காப்பி நிறமே. இனிப்பாக, பால்கோவா கரைத்தது போல அடர்த்தியாக இருந்தது. கடைக்கார அம்மாள் தட்டை வைத்துவிட்டுப் போகாமல் அஞ்சலையிடம் மலாயில் ஏதோ விசாரித்தார். உள்ளே போய் ஒரு காகிதப் பையில் முட்டைப் பலகாரம் இரண்டு கொண்டுவந்து கொடுத்து, விரலை ஆட்டி ஆட்டி எதையோ வலியுறுத்திச் சொன்னார்.

"என்ன சொல்றாங்க?"

"மருமவளுக்கு. இஞ்சி நெறைய போட்டு ஆக்கிக் குடுக்கச் சொல்றா. பச்சத் தண்ணி தொடக் கூடாதாம். பிள்ள கையில இல்லாட்டியும் அவளும் பிரசவம் ஆனவதான, முப்பது நாளு பத்தலன்னா இன்னும் பத்து நாளு பாத்துக்கங்கன்னு சொல்றா."

காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தேன். மந்திரித்த கயிறு, தாயத்து எல்லாம் கொண்டுவந்த நான், பிரசவ மருந்து ஒரு உருண்டைகூடக் கிண்டி எடுத்து வரவில்லை. குழந்தை இருந்திருந்தால் இரண்டு டப்பா கிண்டியிருப்பேன். குழந்தை இல்லாததால் பிரசவமே நடக்காதது போல என் மனசு கணக்கு எழுதிவிட்டது. அன்று சாயங்காலம் கடைத்தெருவில் சுக்கும் திப்பிலியும் கருப்பட்டியும் தேடி வாங்கிக் கிண்டினேன். கயல் மறுக்காமல் தின்றாள். ஆனால் பேசவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கொண்டுவந்ததைச் செய்து முடிக்காமல் என்னால் இருக்க முடியாது. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, அந்தச் சின்னத் தொட்டிலுக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்து, தட்டில் வைத்துக் கயல் முன்னால் நீட்டினேன். எங்கள் பக்கத்தில் குழந்தை வரம் கேட்கிறவர்கள் கோயில் மரத்தில் இப்படித் தொட்டில் கட்டுவார்கள். "இங்க ஏதாவது அம்மன் கோயில்ல உன் கையால கட்டிரு. அடுத்த வருஷம் இந்நேரம் உன் கையில பிள்ளை இருக்கும். நடந்ததைக் கெட்ட கனவா நெனச்சுக்க" என்றேன்.

கயல் தொட்டிலைப் பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லாத தொட்டில். எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சத்தம் போட்டு அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. மதியமும் வரவில்லை, இரவும் சாப்பிடவில்லை.

என் கோபம் அஞ்சலை மேல் திரும்பியது. "அவளை ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன். இங்க இருந்தா தேறமாட்டா" என்றேன்.

"நான் புடிச்சு வைக்கலலா சம்பந்தி. அவ வாரேன்னா கூட்டிட்டுப் போங்க." அஞ்சலை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தட்டில் இருந்த தொட்டிலை வெகுநேரம் பார்த்தார். "ஞாயித்துக்கெழம நம்ம பழைய தோட்டத்துக்குப் போலாம். அங்க ஒரு மரம் இருக்கு. மூணு பேரும் போலாம்" என்றார்.

அப்பாடா, வழிக்கு வந்தார் என்று நினைத்துக்கொண்டேன். மஞ்சள் கயிறு, கற்பூரம், எலுமிச்சம்பழம், தொட்டில் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிவைத்தேன். கயல் வரமாட்டாள் என்று பயந்தேன். அவளோ, அத்தை கூப்பிட்டதும் செருப்பைப் போட்டுக்கொண்டு காரில் ஏறிவிட்டாள்.

சுங்காயில் தமிழ் முஸ்லிம் கடை ஒன்றில் பசியாறினோம். ரொட்டி சானாய் நம் பரோட்டாவுக்குத் தங்கை, கொஞ்சம் நாசூக்கானவள். கடைக்காரருக்குப் பூர்வீகம் ராமநாதபுரமாம். நான் திண்டுக்கல் என்றதும், பார்த்தே இராத ஊருக்காக முகம் மலர்ந்து, "அங்கிட்டு இப்ப மழையாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றதும் அவர் முகமே வாடிவிட்டது.

அதற்கப்புறம் செம்பனை, செம்பனை, செம்பனை. மண் பாதையில் ஒரு வளைவில் காரின் பின்சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. அஞ்சலை மிதிக்க மிதிக்க இன்னும் உள்ளே போனது. குலை வெட்டிக்கொண்டிருந்த வங்காளதேசத் தொழிலாளி ஒருவர் ஓடிவந்தார். காய்ந்த மட்டைகளைச் சக்கரத்துக்குக் கீழே செருகிவிட்டு என்னைப் பார்த்துத் தள்ளும்படி ஜாடை காட்டினார். சேலையைச் செருகிக்கொண்டு தள்ளினேன். பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கை வந்து ஊன்றியது. கயல். "வயித்துல தையல் இருக்குடி, போ!" என்று கத்தினேன். அவள் கையை எடுக்கவில்லை. சும்மா வைத்திருந்தாளா, தள்ளினாளா தெரியாது. கார் ஏறிக்கொண்டது. தள்ளிய மூவர் முகத்திலும் சேறு. அந்த மனிதர் தன் தண்ணீர் பாட்டிலை எங்களுக்கு முகம் கழுவக் கொடுத்தார்.

தொழிலாளர் வீடுகள் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் துண்டு துண்டாக மிச்சம் இருந்தது. உச்சுக் கொட்டினேன். அஞ்சலை, "ஐயே, போனது போவட்டும். கொசுவும் பாம்பும் சண்டையும், நல்லாவா இருந்துச்சு?" என்று நடந்துகொண்டே சொன்னார். ஓர் ஓடைக்கரைக்கு வந்தோம். கரைச் சரிவில் செம்பனை வைக்க முடியாமல் விட்டுவிட்டார்களாம். பத்துப் பன்னிரண்டு ரப்பர் மரங்கள் நின்றன. இதுதான் அஞ்சலையின் நிரையின் கடைசி. ஒரு ஆள் ஒரு நாளில் வெட்டும் மர வரிசைக்கு நிரை என்று பேர். எல்லா மரத்திலும் ஆள் உயரத்துக்குக் கத்தி பட்ட தழும்பு, பட்டை தடித்துக் கோணலாக மூடியிருந்தது. ஒன்றில் மட்டும் இல்லை. அடியிலிருந்து மேல்வரை வழுவழுவென்று நின்றது.

தழும்பில்லாத மரம், சாமி மரம்தான் என்று முடிவுகட்டி, பையைப் பிரித்து மஞ்சளை எடுத்தேன். அஞ்சலை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பொட்டு வைக்காதீங்க சம்பந்தி. வச்சா நாளைக்கே எவனாச்சும் உண்டியல் கொண்டாந்து வச்சிருவான்."

"அப்போ தொட்டில்?"

"இந்த மரம் வரப்போறதுக்கு இல்ல. போனதுக்கு."

எனக்குப் புரியவில்லை. அவர் கயலைப் பார்த்துத்தான் சொன்னார். குரல் சாதாரணமாக இருந்தது.

"தினேஷுக்கு முன்னால எனக்கு ஒரு பொண்ணு. பொறந்து மூணு நாளு இருந்தா. பச்சப் புள்ளைக்குக் காரியம் கெடையாது, படம் கெடையாது, பேரு சொல்லி அழக்கூடாது. அடுத்தது பொறக்கும் அடுத்தது பொறக்கும்னாங்க. எங்க தோட்டத்துல வேல செஞ்ச பொம்பளைங்க ஒண்ணு செய்வாங்க. புள்ள போனவ திரும்ப வேலைக்கி வந்தா, அவ நிரையில ஒரு மரத்த வெட்ட மாட்டா. மத்த மரத்துக்கெல்லாம் கத்தி. அந்த மரத்துக்கிட்ட வந்தா சும்மா நின்னுட்டுப் போவா. அவளுக்குப் பதிலா வேற ஆளு வந்தாலும் அதத் தொடாது. ஒரு மரத்துப் பாலு கொறஞ்சா கணக்கு எழுதுற கிராணிக்கு எங்க தெரியப் போவுது? ஒரு வருசந்தான் கணக்கு. அப்பதான் இந்த நிரைக்கு மொத வெட்டு போட ஆரம்பிச்ச நேரம். எனக்கு அப்புறமும் மனசு வரல. தோட்டத்த மூடுற வரைக்கும் கத்தி வைக்கல."

"தினமும் நிப்பீங்களா அத்தே?" என்று கயல் கேட்டாள். வந்ததிலிருந்து நான் கேட்ட முதல் முழு வாக்கியம்.

"தெனமும். வெயிலு, பனி, எல்லாம். அழுவறது கூட இல்ல. இருக்கியா, இருக்கேன். அவ்வளவுதான்."

மஞ்சள் டப்பாவை மூடி, பையின் வாயைக் கட்டிக் கீழே வைத்தேன். எத்தனை கோயில் ஏறியிருக்கிறேன், எதையாவது கேட்காமல் ஒரு சன்னிதியில் நின்றதாக எனக்கு ஞாபகம் இல்லை. அந்த மரத்தின் முன்னால் கேட்பதற்கு ஒன்றும் தோன்றவில்லை. ஓடை ஓடியது, மேலே ரப்பர்க் காய் ஒன்று பட்டென்று வெடித்தது. மூன்று பேரும் நின்றோம்.

கயல் மரத்தில் கை வைத்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள். "அத்தே, நீங்க அவளப் பாத்தீங்களா?"

அஞ்சலை என்னைப் பார்த்தார். அனுமதி கேட்கிறார் என்று புரிய ஒரு கணம் ஆனது. காட்டாதீங்க என்று சொன்ன வாய் என்னுடையது. ஐந்து வாரமாக அந்த வார்த்தைக்குக் கட்டுப்பட்டு அந்த மனுஷி வாயைத் திறக்கவில்லை. நான் தலையை ஆட்டினேன்.

"பாத்தேம்மா. ஆஸ்பத்திரியிலேர்ந்து காடியில போறப்ப என் மடியிலதான் இருந்தா. வெள்ளத் துணியில சுத்தி வச்சிருந்தேன்."

"எப்படி இருந்தா?"

"முடி கருகருன்னு, நெத்தி வரைக்கும். கண்ணு மூடி இருந்துச்சு, இமை முடி உன்ன மாதிரி நீளம். வெரலு எல்லாம் தினேஷு." அஞ்சலை கொஞ்சம் தயங்கினார். "காது மட்டும் உங்கம்மா காது. கீழ தொங்காது பாரு, கன்னத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கும். சம்பந்தி வந்து எறங்கின அன்னைக்கே பாத்தேன், சொல்ல வாயி வரல. பெருசாயிருந்தா தோடு குத்துறவன் திண்டாடிப் போயிருப்பான்லா."

கயல் சிரித்துவிட்டாள். சிரித்த வாய் அப்படியே கோணி, ஐந்து வாரத்து அழுகை வெளியே வந்தது. நான் பக்கத்தில் போகப் பயந்து நின்ற இடத்திலேயே நின்றேன். அவள்தான் வந்தாள். சேறு காய்ந்த கையால் என் முகத்தைத் திருப்பி, முடியை ஒதுக்கி, என் காதைப் பார்த்தாள். ஒரு பக்கம் பார்த்துவிட்டு மறுபக்கமும் பார்த்தாள். பிறகு இரண்டு விரலால் காதின் கீழ்நுனியை மெல்லப் பிடித்துக்கொண்டாள்.

"இப்படியாம்மா?" என்றாள்.

"இப்படித்தான்டி" என்றேன்.

அவள் என்னைவிடக் குள்ளம். கை வலிக்குமே என்று தலையைக் குனிந்து கொடுத்தேன். அவளாக விடும்வரை அப்படியே நின்றேன்.